35, 16, 8: வன்னி வீட்டுக்கு எந்தப் படக்கருவியைத் திருத்துவது?

பழைய புரொஜெக்டர் ஒன்றைத் திருத்தி வீட்டில் படம் ஓட்ட விரும்புகிறவருக்கு வன்னியில் மூன்று வகைக் கருவிகள் கைக்கு வரக்கூடும். ஒன்று, மூடப்பட்ட தியேட்டரில் இருந்து கழற்றிய 35 மி.மீ. இயந்திரம் (இந்த மி.மீ. கணக்கு படச்சுருளின் அகலத்தைக் குறிப்பது). அடுத்தது, பள்ளிக்கூடமோ தேவாலயமோ திணைக்களமோ கைவிட்ட 16 மி.மீ. கைப்பெட்டி. மூன்றாவது, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் பொதியில் போட்டு அனுப்பிய 8 மி.மீ. சிறு கருவி. விற்கிறவர் மூன்றையும் "படம் காட்டும் மெஷின்" என்றே சொல்லி விற்பார். ஆனால் செலவிலும் ஆபத்திலும் உழைப்பிலும் இவை மூன்றும் வேறு வேறு உலகங்கள்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 35 மி.மீ. சுருள் கையில் இல்லாதவர் 35 மி.மீ. இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவரவேண்டாம். 8 மி.மீ. குடும்பப் படம் வைத்திருப்பவர், கருவியைத் தொடுவதற்கு முன் படத்தை நகலெடுக்கட்டும். மற்ற எல்லோருக்கும் 24 வோல்ட் ஹலோஜன் மின்குமிழ் பொருந்தும் 16 மி.மீ. கருவியே ஏற்றது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும்.

முதலில் சுருள், பிறகு கருவி

பெரும்பாலானோர் கருவியை வாங்கிவிட்டுத்தான் படத்தைத் தேடுகிறார்கள். முறை அதற்கு நேர்மாறானது. ஓட்டுவதற்குச் சுருள் இல்லாத கருவி எவ்வளவு சிறப்பாகத் திருத்தப்பட்டாலும் மூலையில் போய்ச் சேரும். எங்கள் பகுதியில் சுருள் அரிது. அடுத்தடுத்த இடம்பெயர்வுகளில் வீடுகளோடு அழிந்தவற்றில் படச்சுருள்களும் அடங்கும். அதற்கு முன்பே, 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைப் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் போய்விட்டன. ஆகவே இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றின் பிரதி எந்த அளவில் கிடைத்தாலும் அதை எந்தக் கருவியிலும் ஏற்றாதீர்கள். எஞ்சியிருக்கும் ஒரே பிரதியாக அது இருக்கக்கூடும். ஸ்கேன் செய்யும் வசதியுள்ள காப்பகம் ஒன்றின் கைக்குப் போகும்வரை அதை வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் காத்து வைத்திருப்பது நம் கடமை.

மற்றச் சுருள்களுக்கு முதல் சோதனையை மூக்கே செய்துவிடும். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி வாடை அடித்தால் அசிட்டேட் அடித்தளம், அதாவது பிம்பத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அசிட்டேட்டில் இருந்து பிரியும் அசிட்டிக் அமிலம்தான் அந்த வாடை. அமிலம் சேரச் சேரச் சிதைவும் வேகமாகும். பக்கத்துச் சுருள்களுக்கும் பரவும். வெப்பமும் ஈரமும் இதைத் தூண்டுகின்றன. தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை வெயிலில் வெந்து, ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் ஈரம் குடித்த சுருள் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாடை அடிக்கும் சுருளை உடனே பிரித்து வேறு இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது சோதனைக்கு ஓர் அளவுநாடா போதும். 16 மி.மீ. பிரதியின் ஓரத்தில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 7.62 மி.மீ. இருக்கும். எனவே 100 துளை இடைவெளிகள் 762 மி.மீ. வரவேண்டும். அது 754 மி.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால் படம் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. கருவியின் கொக்கி துளையைத் தவறவிட்டுப் படத்தைக் கிழிக்கும். 35 மி.மீ. பிரதியில் துளை இடைவெளி 4.75 மி.மீ. என்பதால் 100 இடைவெளிகள் 475 மி.மீ. வரவேண்டும். இந்த அளவில் தேறாத சுருளைப் புரொஜெக்டரில் ஓட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஸ்கேன் செய்யும் கருவிகளில் பல, துளைகளைப் பற்றி இழுக்காமல் படத்தை நகர்த்துகின்றன என்பதால் அங்கே இன்னும் வாய்ப்பு உண்டு.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். 1980களுக்கு முந்திய வண்ணப் பிரதிகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் மங்கிப்போய் முழுப் படமும் இளஞ்சிவப்பாக இருக்கும். எந்த விளக்கும் அதை மீட்காது. கறுப்புவெள்ளைப் பிரதியின் பிம்பம் வெள்ளித் துகளால் ஆனது என்பதால், அடித்தளம் நலமாக இருந்தால் இன்றும் புதிது போலவே திரையில் விழும். வாங்கும்போது கறுப்புவெள்ளைக்கே முதலிடம் கொடுங்கள்.

தியேட்டர் இயந்திரம்

35 மி.மீ. இயந்திரத்தின் அழகை நான் மறுக்கவில்லை. அதன் இதயமான மால்ட்டீஸ் சிலுவையைப் பார்த்தவர் எவரும் மறக்கமாட்டார். நான்கு பள்ளங்கள் கொண்ட சிறு எஃகுத் துண்டு எண்ணெய்க்குள் மூழ்கியிருந்து, தன்னைச் சுழற்றும் ஊசி ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது கால் பங்கு நேரம் மட்டும் அசைந்து, முக்கால் பங்கு நேரம் அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு அசைவிலும் பற்சில்லின் நான்கு பற்கள் நகர்கின்றன. படம் நான்கு துளை தூரம் இறங்குகிறது. அடுத்த காட்சி விளக்கின் முன் வந்து நிற்கிறது. இது ஒரு வினாடியில் 24 தடவை நடக்கும். எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பாகம் பல பத்தாண்டுகளுக்கு உழைக்கும். இயந்திரத்தின் மற்றப் பாகங்களும் கனத்த வார்ப்பும் எஃகும்தான். லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தேய்ந்த தண்டையும் புஷ்ஷையும் செய்துகொள்ளலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய கைகள் இன்னும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பட்டறை நடத்துகின்றன. ஆகவே இயந்திரவேலை ஒரு தடையே இல்லை.

தடை விளக்கறையில், அதாவது இயந்திரத்தின் விளக்கு இருக்கும் பெட்டியில், இருக்கிறது. பழைய தியேட்டர்களில் எரிந்தது கார்பன் வில்விளக்கு. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே பல பத்து அம்பியர் நேரோட்டம் பாயும். அதற்கு, மாறோட்டத்தை நேரோட்டமாக்கும் ரெக்டிஃபயர் வேண்டும். புகையையும் கார்பன் மொனொக்சைட்டையும் வெளியேற்றக் கூரைவரை புகைபோக்கி வேண்டும். வெல்டிங் வெளிச்சத்துக்கு நிகரான புறஊதாக் கதிரில் இருந்து கண்ணைக் காக்கவேண்டும். எரிந்து குறையும் குச்சியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டுக்குள் இதை எந்தக் காரணத்துக்காகவும் எரிக்கக்கூடாது.

பிற்கால இயந்திரங்களில் செனன் விளக்கு. அது இன்னொரு விதமான ஆபத்து. செனன் குமிழுக்குள் அது குளிர்ந்து கிடக்கும்போதே பல வளிமண்டல அழுத்தம் உண்டு. மின்சாரம் இல்லாமல் கிடக்கும் விளக்கறைக்குள்ளும் பழைய குமிழ் ஒன்று இருக்கலாம். கைதவறித் தட்டினால் அது வெடித்துக் குவார்ட்ஸ் துண்டுகளைச் சிதறடிக்கும். தியேட்டர் சாமான் வாங்கும் எவரும் முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் அந்தக் கதவைத் திறக்கவேண்டாம். பழைய இரும்பு சேர்க்கும் பிள்ளைகள் இதை அறியாமல் உடைப்பார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். விளக்கறையின் உள்பூச்சிலும் பழைய வயர்களின் உறையிலும் கல்நார் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ ஊதித் தூசி தட்டுவதோ கூடாது.

இன்னொன்று நைட்ரேட் படம். 1950களின் தொடக்கம்வரை 35 மி.மீ. படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் அடித்தளத்தில் வந்தன. பற்றிக்கொண்டால் அது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே உண்டாக்கிக்கொண்டு எரியும், தண்ணீருக்குள்ளும் அணையாது. ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கில எழுத்தில் இருந்தாலும் முழுதாக நம்பமுடியாது. முந்திய பிரதியின் ஓர எழுத்து நகலில் விழுந்திருக்கலாம். அந்தக் காலத்துப் படம் என்று ஐயம் இருந்தால் வீட்டில் வைத்திருப்பதே தவறு.

இவ்வளவையும் தாண்டினாலும் நீளம் என்ற சிக்கல் நிற்கிறது. 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீற்றருக்கு மேல். 2,000 அடிச் சுருள் ஒன்று 22 நிமிடத்தில் முடிந்துவிடும். தியேட்டரில் இரண்டு இயந்திரங்கள் மாறி மாறி ஓடியது இதற்காகத்தான். வீட்டில் ஒன்றுதான் என்றால் ஒரு படத்துக்கு ஆறு தடவை நிறுத்திச் சுருள் மாற்றவேண்டும். தமிழில் 1973 முதல் வந்த சினிமாஸ்கோப் படங்களுக்குப் பிம்பத்தை அகலமாக விரிக்கும் தனி வில்லை வேண்டும். 2000களின் பிரதிகள் பலவற்றில் ஒலித்தடம் நீலப்பச்சைச் சாயத்தால் ஆனது. ஒலித்தடத்தை வாசிக்கும் சிறு விளக்கான பழைய ஒலிவிளக்கு அதைச் சரியாக வாசிக்காது, சிவப்பு எல்ஈடி பொருத்தவேண்டும். பிற்காலப் பிரதிகளின் பொலியெஸ்டர் அடித்தளம் இலகுவில் கிழியாது. எங்காவது சிக்கினால் படம் அறுவதற்குப் பதிலாக இயந்திரத்தின் பாகம் உடையும்.

ஆகவே 35 மி.மீ. இயந்திரம் ஒன்று கிடைத்தால் என்ன செய்வது? பழைய இரும்புக்குப் போகவிடவே கூடாது. செம்புக்கும் அலுமினியத்துக்கும் ஆசைப்பட்டு நொறுக்கப்பட்டவை போதும். விளக்கறையைக் கழற்றி வைத்துவிட்டு, எல்ஈடி விளக்கும் சிறிய மோட்டாரும் பொருத்தி, கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்திலோ நூலகத்திலோ வையுங்கள். பிள்ளைகள் கையால் சுழற்றிச் சிலுவையின் அசைவைப் பார்க்கட்டும். பழைய செய்திப்படத் துண்டு ஒன்றை ஓட்டிக் காட்டுங்கள். அது ஊருக்குரிய பொருள்.

16 மி.மீ.: ஏன் இதையே சொல்கிறேன்

கோடாக் நிறுவனம் 1923இல் 16 மி.மீ. படத்தைக் கொண்டுவந்தபோது வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் மனதில் வைத்தே அதைச் செய்தது. அதனால் தொடக்கத்தில் இருந்தே எளிதில் தீப்பற்றாத அடித்தளத்தையே பயன்படுத்தியது. வீட்டுப் பயன்பாட்டுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேறில்லை. எங்கள் நாட்டுக்கும் இந்த அளவு புதிதல்ல. 1948இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்படப் பிரிவின் ஆவணப்படங்கள் வண்டிகளில் ஊர் ஊராகப் போய் இந்தச் சிறு திரைகளில் ஓடின. 1960களின் தொடக்கத்தில் வந்த, இலங்கையில் எடுக்கப்பட்ட முதல் தமிழ் முழுநீளப் படமான 'சமுதாயம்' 16 மி.மீ.யில் எடுக்கப்பட்டதுதான்.

16 மி.மீ. படம் நிமிடத்துக்கு 36 அடி மட்டுமே ஓடும். 1,600 அடிச் சுருள் ஒன்று 44 நிமிடம் வரும். கருவியை ஒருவர் தூக்கிக்கொண்டு போகலாம். மால்ட்டீஸ் சிலுவைக்குப் பதிலாக இங்கே ஒரு கொக்கி; தையல் இயந்திரத்தின் ஊசி போல ஏறி இறங்கி, துளையில் பற்றிப் படத்தை இழுத்துவிட்டு விலகும். திறந்து பார்த்தாலே வேலை புரிந்துவிடும்.

இந்த அளவிலும் எதை வாங்குவது என்ற தேர்வு உண்டு. பிரித்தானியக் கால வார்ப்புலோகக் கருவிகளின் இயந்திரப் பகுதி அழியாதது. ஆனால் அவற்றின் 750 வாட், 1,000 வாட் மின்குமிழ்கள் 110 வோல்ட்டில் எரிபவை. தனியாக ஒரு கனத்த மின்மாற்றிப் பெட்டியும் கூடவே வரவேண்டும். பெட்டி காணாமல்போன கருவியை நேரடியாக நமது 230 வோல்ட்டில் செருகினால் அந்தக் கணமே எல்லாம் எரிந்துவிடும். அந்த மின்குமிழ்கள் பலவற்றின் ஆயுளும் 25 மணி நேரம்தான்; இப்போது பழைய இருப்பில் இருந்து மட்டுமே கிடைக்கும்.

1960களின் பிற்பகுதி முதல் வந்த, படத்தைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் பெல் அண்ட் ஹவல் வகைகள் உலகெங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவுக்கு ஒரு காரணம் உண்டு. அவற்றின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் புரிப்பற்சில்லு காலப்போக்கில் சுருங்கி, தான் இறுகியிருக்கும் எஃகுத் தண்டைச் சுற்றி வெடித்துவிடும். கருவி ஓடுகிறது என்று விற்பவர் சொன்னாலும் அந்தச் சில்லு இன்று இல்லையேல் நாளை உடையும். புதிய சில்லுகள் வெளிநாடுகளில் செய்து விற்கப்படுகின்றன. மாற்றுவதற்கு முழுக் கருவியையும் கழற்றி, கொக்கிக்கும், படம் நகரும்போது ஒளியை மறைக்கும் ஷட்டருக்கும் இடையிலான நேர ஒழுங்கை மறுபடி சரிசெய்யவேண்டும். பொறுமையும் கைத்திறனும் உள்ளவருக்கு அது அருமையான வேலை. முதல் கருவியாக இதை எடுக்கவேண்டாம் என்பேன். தானாக ஏற்றும் வகையில் இன்னொரு குறையும் உண்டு. பழைய ஒட்டுகள் நிறைந்த படம் உள்ளே சிக்கும். பல வகைகளில் பாதியில் நிறுத்திப் படத்தை வெளியே எடுக்கவும் முடியாது.

என் தேர்வு ஜப்பானிய எய்க்கி அல்லது எல்மோ. அவற்றிலும் கையால் படம் கோக்கும் வகை, அல்லது பக்கவாட்டில் இருக்கும் திறந்த வழியில் படத்தை இட்டு மூடும் வகை. இவற்றில் பெரும்பாலானவை 24 வோல்ட், 200 அல்லது 250 வாட் ஹலோஜன் மின்குமிழில் ஓடுபவை. அந்த மின்குமிழ்கள் வேறு கருவிகளிலும் பயன்பட்டதால் இன்னும் கிடைக்கின்றன. பெரும்பாலும் பழுதாவது இறப்பர் பெல்ட்டுகளும் ஒலிப்பகுதியின் கொள்ளளவிகளும் (கப்பாசிற்றர்)தான். பெல்ட் சரியான நீளத்தில் உள்ளூரில் கிடைக்காவிட்டாலும் வட்ட யூரித்தேன் கயிற்றை வெட்டிச் சூடாக்கி ஒட்டிக்கொள்ளலாம். பற்பெல்ட் என்றால் மட்டும் வெளியிலிருந்து வரவழைக்கவேண்டும். சென்னைக்குப் போய்வரும் உறவினரிடம் றிச்சி தெருவில் விசாரிக்கச் சொல்லுங்கள். இலத்திரனியல் பாகங்களுக்கு அது நமக்குக் கிட்டிய பெரிய சந்தை.

வாங்குமுன் கேட்கவேண்டிய ஒரு கேள்வி: கருவி எந்த நாட்டில் இருந்தது? அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்தது என்றால் 120 வோல்ட் என்பதோடு முடிவதில்லை. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ்; இங்கே 50. மின்சாரத்தின் ஹேர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுழலும் தூண்டல் மோட்டார் பொருத்திய கருவி மின்மாற்றி போட்டாலும் இங்கே வினாடிக்கு 24 காட்சிகளுக்குப் பதிலாக 20தான் ஓடும். பாட்டு இழுபடும், குரல் கனக்கும். மோட்டாரின் கப்பியை மாற்றவேண்டும். அதனால் கனடா அண்ணாவை விட லண்டன் மாமாவிடம் கேட்பதே நல்லது.

ஒலியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் பலர் இதில்தான் மனம் தளர்கிறார்கள். 16 மி.மீ. படத்தில் ஒலித்தடம் அதற்குரிய காட்சியைவிட 26 காட்சிகள் முன்னே இருக்கிறது, ஒரு வினாடிக்குச் சற்று மேல். படம் விளக்கின் முன் நிற்கும் இடமான 'கேட்'டுக்குக் கீழே விடும் படவளைவு சரியான அளவில் இருந்தால்தான் உதடும் குரலும் சேரும். குரல் பிந்துகிறது என்று பெருக்கியைக் கழற்றுவதற்கு முன் அந்த வளைவைப் பாருங்கள். ஓயாத இரைச்சல் கேட்டால் ஒலிவிளக்குக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் கொள்ளளவி வற்றியிருக்கும்.

8 மி.மீ.

1932இல் வந்த பழைய 8 மி.மீ.யும் 1965இல் வந்த சூப்பர் 8உம் வேறு வேறு. துளையின் அளவே மாறுபடும். இரண்டுக்கும் பொருந்தும் கருவி என்று எழுதியிருந்தால் ஒழிய ஒன்றை மற்றதில் ஓட்டமுடியாது. சூப்பர் 8இன் 50 அடிச் சுருள் வினாடிக்கு 18 காட்சி வேகத்தில் மூன்று நிமிடம் 20 வினாடி ஓடும். இந்த அளவில் வருபவை பெரும்பாலும் கலியாணவீடு, கோவில் திருவிழா, புலம்பெயர்ந்தவர்களின் முதல் பனிக்காலம் போன்ற குடும்பப் படங்கள். அவை கமராவில் ஓடிய அதே சுருள். நகல் என்று ஒன்று கிடையாது. திருத்தி முடித்த கருவியைச் சோதிக்க அதை ஏற்றுவது எனக்கு ஏற்கமுடியாத துணிச்சல். முதலில் ஸ்கேன் செய்வியுங்கள். அதன் பின்னும் ஆசை இருந்தால் சிறு எல்மோ ஒன்றைப் பெல்ட் மாற்றி ஓட்டலாம். பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக்கிடக்கும். அதைச் சுத்தம் செய்வதே பெரிய வேலை.

விளக்கு

இப்போது எல்லோரும் கேட்பது, ஹலோஜனை வைத்திருப்பதா, எல்ஈடிக்கு மாறுவதா என்பதுதான். எல்ஈடிக்கு உண்மையான நன்மைகள் உண்டு. படத்தின் மேல் விழும் வெப்பம் மிகக் குறைவு. இடையில் படம் நின்றுவிட்டால் கருகாது. 50 வாட் எல்ஈடியும் ஒரு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் சூரியப்படல் வைத்திருக்கும் வீட்டுக்குச் சுமையே இல்லை. ஆனால் வெறும் கடை எல்ஈடியைப் பிடித்துக் கட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். ஹலோஜனின் சிறிய இழை அதன் கண்ணாடிக் கிண்ணத்தால் கேட்டின் மேல் குவிக்கப்படுகிறது. எல்ஈடியின் ஒளிப்பரப்பு அகலமானது. குவிவில்லை சரியாக அமையாவிட்டால் நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் இருட்டுமாக விழும். மங்கலாக்குவதற்காக வேகமாக அணைந்து எரியும் மலிவான மின்சுற்று ஷட்டரோடு மோதித் திரையில் பட்டைகளை ஓடவிடும். சீரான நேரோட்டம் தரும் சுற்றே வேண்டும். நிறம் சரியாக வர, நிற வெளிப்பாட்டுச் சுட்டி (CRI) 90க்கு மேல் உள்ள எல்ஈடியைத் தேடுங்கள்.

என் நிலைப்பாடு இது: 24 வோல்ட் ஹலோஜன் கருவி என்றால் மாற்றவேண்டாம், வெளிச்சம் போதும். 110 வோல்ட் 1,000 வாட் பழைய கருவி என்றால் எல்ஈடிதான் வழி. எதைச் செய்தாலும் மூலப் பாகங்களை வெட்டாமல், துளைக்காமல் செய்யுங்கள். கழற்றிய விளக்குத்தாங்கியைப் பெயர் எழுதிப் பொதிந்து கருவியோடு வைத்திருங்கள்.

மின்சாரமும் அறையும்

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அது திரும்பாது என்று யாரும் உறுதி தரமுடியாது; 1990க்குப் பின் பல ஆண்டுகள் மின்கம்பியே இல்லாமல் வாழ்ந்த ஊர் இது. மின்பிறப்பாக்கியில் ஓட்டுவதானால், அதன் வேகம் ஏறி இறங்கும்போது மோட்டாரின் வேகமும் பாட்டின் சுருதியும் சேர்ந்து ஆடும் என்பதை எதிர்பாருங்கள். இன்வேர்ட்டர் என்றால் தூய சைன் அலை தருவதை வாங்குங்கள். மலிவானவற்றில் மோட்டார் சூடேறும், பெருக்கி இரையும்.

அறையின் நீளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 16 மி.மீ. கருவியோடு வழக்கமாக வரும் 50 மி.மீ. குவியத்தூர வில்லையால் இரண்டு மீற்றர் அகலத் திரையை நிரப்பக் கருவியைப் பத்து மீற்றருக்குச் சற்று மேல் தள்ளி வைக்கவேண்டும். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளில் அத்தனை நீளமான கூடம் ஏது? 25 மி.மீ. வில்லை என்றால் ஐந்து மீற்றரே போதும். ஆகவே வாங்கும்போதே குறுகிய வில்லையைத் தேடுங்கள், அல்லது முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி ஓட்டுங்கள். முற்றம்தான் எனக்கும் பிடித்தது. ஆனால் வைகாசி முதல் வீசும் சோளகத்தில் புழுதி கேட்டுக்குள் புகுந்து படத்தைக் கீறும். ஒவ்வொரு சுருளுக்கும் பிறகு கேட்டைத் துணியால் துடைக்கவேண்டும்.

எதுவரை திருத்துவது

பளபளக்கும் கருவியா, ஓடும் கருவியா என்றும் முடிவெடுக்கவேண்டும். பெயின்ற் அடிப்பதற்குச் செலவழிக்கும் காசை மின்சுற்றுக்குச் செலவழியுங்கள். கழற்றியவுடன் உள்ளே தெரிவது குளவி கட்டிய மண்ணும், பல்லி முட்டையும், எலி கடித்த வயரும்தான். எதையும் மின்சாரத்தில் போடுமுன் கையால் சுழற்றும் குமிழைத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் கூடாது. பழைய கிறீஸ் மெழுகாக உறைந்திருக்கும். உலோகப் பற்சில்லுகளை மண்ணெண்ணெயில் கழுவலாம். இறப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் அது படக்கூடாது. எண்ணெய் இடத் தையல் இயந்திர எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், காலப்போக்கில் பிசினாகிவிடும்.

முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது விளக்கையும் மோட்டாரையும் துண்டித்துவிட்டு, 100 வாட் பழைய இழைக்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுங்கள். உள்ளே எங்காவது குறுக்குச்சுற்று இருந்தால் அந்தக் குமிழ் முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், கருவி தப்பிக்கும். மின்சுற்று வேலை தெரியாதவர் இந்தக் கட்டத்தை வானொலி திருத்துபவரிடம் விடவேண்டும். பிறகு பயனற்ற படத்துண்டு ஒன்றை வளையமாக ஒட்டி நீண்ட நேரம் ஓடவிட்டு, அதில் புதுக் கீறல் விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் விழாத பிறகே நல்ல சுருள்.

வில்லையில் பூஞ்சை படிந்திருந்தால் மாரிக்கு முன்பே கழற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்காகக் கேட்டின் எஃகுத் தகட்டிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு விட்டு வைக்கவேண்டும். ஓட்டுமுன் அதை முற்றாகத் துடைத்துவிடவேண்டும். கருவி முடிவாகிவிட்டால் பெல்ட், மின்குமிழ், ஒலிவிளக்கு மூன்றிலும் மேலதிகமாக ஒவ்வொன்று வாங்குங்கள். அதே வகையில் பழுதான இன்னொரு கருவி மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் அதையும் எடுத்து அலுமாரிக்குள் வையுங்கள். கடையில் கிடைக்காத திருகும் வில்லும் அதில் இருந்துதான் வரும்.